பெட்டி போக எவ்வளவு

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் ஷிஃப்ட் இன்சார்ஜ் நாற்காலி காலியானதற்கு ஒரு செங்கல்தான் காரணம். அதுவரை அந்த நாற்காலியில் இருந்த தாமஸ், சித்திரை வெயில் தாங்காமல், மைனஸ் பதினெட்டு டிகிரியில் மீன் கிடக்கும் சேம்பரின் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்கச் செங்கல்லை முட்டுக்கொடுத்து, அதற்கு நேரெதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஃபேனைவிட இது சுகம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லவும் செய்தார். மாதக் கடைசியில் கரண்ட் பில் வந்தது. தாமஸ் எண்ணூர் யார்டுக்கு, வெயிலில் நின்று லாரி எண்ணும் வேலைக்குப் போனார்.

புது மேனேஜர் பகலவன் இன்ஜினியரிங் படித்தவர். "வெப்பம் எந்தப் பக்கம் போகும்னு தெரியாத ஒருத்தர் இனிமே இந்த நாற்காலியில உட்காரக் கூடாது" என்று சொல்லி, நோட்டீஸ் ஒன்றை எழுதச் சொன்னார். விசை, நிறை, வேலை, வெப்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு. பத்தாம் வகுப்புத் தரம். ஐந்து வருஷ சர்வீஸ் இருக்கிற யாரும் எழுதலாம்.

நோட்டீஸை எழுதி ஒட்டியவன் நான். பெயர் சுடலைராஜ், விளாத்திகுளத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவன், இங்கே டெஸ்பாட்ச் கிளார்க். கம்பெனிக் கடிதங்களும், கம்பெனி ஆட்களின் லீவு லெட்டர்களும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு எழுதும் கடிதங்களும் என் கையால்தான். தெற்கத்திக்காரன் என்பதால் எல்லாருக்கும் நான் அண்ணாச்சி.

லோடிங் மேஸ்திரி கமால் நோட்டீஸை என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"நியூட்டன்னு போட்டுகீதே, யாரு அண்ணாச்சி அது? ஆடிட்டரா?"

"விசையோட அலகு, கமால்."

"மூட்டைய தூக்கச் சொல்லு, தூக்கறேன். தூக்குனதுக்கு அப்பால எவ்ளோ தூக்குனேன்னு கேட்டா பேஜாரு. என்னை வுட்ரு."

கமால் விலகிக்கொண்டான். மற்றவர்களுக்கு சர்வீஸ் போதாது. மிஞ்சியது இரண்டே பேர்: ஜானட், ஜெரால்ட். இருவரும் புருஷன் பெண்டாட்டி. ராயபுரத்தில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

ஜானட் சேம்பர் செக்கர். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும் எண்ணி, லேபிள் பார்த்து, எடை குறிப்பது அவள் வேலை. அந்தக் குளிரில் பேனா எழுதாது, பென்சில்தான். தடித்த கிளவுஸுக்குள் பென்சில் நிற்காது. வலது கையை வெளியே எடுத்துத்தான் எழுத வேண்டும். வருஷக்கணக்கில் அப்படி எழுதி எழுதி அவள் விரல் நுனிகள் அடிக்கடி வெளுத்துப் போகும். வெளியே வந்து டீ கிளாஸைப் பிடித்தால், சுடுகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பாள். குளிரில் இனி வேலை செய்யாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் படித்திருக்கிற படிப்புக்குக் கிடங்கில் குளிரில்லாத நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாமஸ் விட்டுப்போன நாற்காலி.

ஜெரால்ட் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். உனக்கு எதற்கு அந்த நாற்காலி என்று கேட்டேன்.

"பொண்டாட்டி இன்சார்ஜு, நான் டிரைவர்னா காசிமேட்டுல தலைகாட்ட முடியுமா அண்ணாச்சி?"

"நீ இன்சார்ஜ் ஆனா என்னை வெளிய கூட்டினு வருவியா?" என்றாள் ஜானட் சமையலறையிலிருந்து.

"ரூல்ஸ் பாத்துச் சொல்றேன்."

"பாத்தியா அண்ணாச்சி? இதுக்குத்தான் நானே எழுதறேன்றேன்."

சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீ குடித்து, சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். நடுவில் நான். எங்கள் அறிவியல் வாத்தியார் எனக்குக் கொடுத்த முறையை அப்படியே கொடுத்தேன். முதலில் கொடுக்கப்பட்டவை. அடுத்து கண்டுபிடிக்க வேண்டியது. பிறகு சூத்திரம், பிரதியிடல், விடை. விடைக்குப் பின்னால் அலகு. அலகில்லாத விடை ஊர்ப்பெயர் இல்லாத விலாசம் மாதிரி; எங்கேயும் போய்ச் சேராது.

முதல் கணக்கு சுலபமானது. இருபது கிலோகிராம் நிறையுள்ள பெட்டியை, ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டர் கூடும்படி நகர்த்த எவ்வளவு விசை வேண்டும்? விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். இருபது பெருக்கல் இரண்டு, நாற்பது நியூட்டன். கேள்வியைப் படித்துவிட்டு டீயை ஊதினேன். இரண்டு வாய் குடிப்பதற்குள் இருவரும் முடித்துவிட்டார்கள்.

ஜானட் எழுதியிருந்தது முப்பத்தேழு நியூட்டன். ஜெரால்ட் எழுதியிருந்தது எண்பது, அலகு கிடையாது.

பெருக்கல் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். இருவரும் சரியாகச் சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை.

"முப்பத்தேழு எப்படி வந்துச்சு ஜானட்?"

"பெட்டி போக பதினெட்டரைதானே அண்ணாச்சி? காலிப் பெட்டி ஒன்றரை கிலோ. கழிக்காம எப்டி?"

அவள் தப்பு அங்கேதான் இருந்தது. சேம்பரில் எந்த எடை வந்தாலும் பெட்டியின் எடையைக் கழித்து மீனின் எடையை எழுதுவதுதான் அவள் வேலை. இருபது என்ற எண்ணைக் கண்டதுமே அவள் கை பதினெட்டரை என்று எழுதிவிடுகிறது.

"சரி, ஜெரால்ட், எண்பது?"

"பேலட்டு இருபது கிலோ."

பேலட் என்பது பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு. அதன் கீழேதான் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு நாக்குகளும் நுழையும். அது இல்லாமல் எதையும் தூக்கிப் பழக்கமில்லாதவன் ஜெரால்ட்.

"கேள்வியில பேலட்டே இல்லையேப்பா."

"அப்ப பெட்டி காத்துலயா நிக்குது?"

"தரையில."

"தரைல வெச்ச பெட்டிய ஃபோர்க்குல எப்டி எடுப்ப? பெட்டி கிழிஞ்சா யாரு பதில் சொல்றது? எந்தக் கம்பெனி அண்ணாச்சி அது, பேலட்டு இல்லாம ஓட்டிகினு கீது?"

"யோவ், பேலட்டுக்கு எவன்யா காசு குடுப்பான்? மீனுக்குதான் எடை" என்றாள் ஜானட்.

"நீ மீன மட்டும் கையில புடிச்சினு வா, பாக்கலாம்."

அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. மறுநாள் கேள்வியில் பெட்டியை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தேன். கல்லுக்கு உறை கிடையாது. ஜானட் சரியாகப் போட்டாள். ஜெரால்ட் கல்லின் கீழும் பேலட் வைத்தான். கல்லை எடுத்துவிட்டு யானையை வைத்தேன். யானையைப் பேலட்டில் ஏற்ற முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் கணக்கைப் போடவில்லை.

"யானை தானா நடக்கும். அதுக்கு இன்னாத்துக்கு நம்ப ஃபோர்ஸு?"

"இந்த ஆளையே வெச்சுக் குடு அண்ணாச்சி, அப்பதான் புரியும்" என்றாள் ஜானட்.

குடுத்தேன். எண்பது கிலோகிராம் நிறையுள்ள ஜெரால்ட் என்பவரை இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செய்யப்படும் வேலை என்ன? புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று கொள்க. எண்பது பெருக்கல் பத்து பெருக்கல் இரண்டு. ஆயிரத்து அறுநூறு ஜூல்.

ஜானட் பென்சிலை எடுத்தவள் நிறுத்தினாள்.

"லுங்கியோடயா, லுங்கி போகவா?"

"ஜானட்!"

"கேட்டு வெச்சுக்கினா நல்லதுதானே?"

ஜெரால்ட் எண்பதோடு நாற்காலியைக் கூட்டிக்கொண்டிருந்தான். தன்னை யாரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்க அவன் சம்மதிக்கவில்லை. தூக்குவதென்றால் உட்கார்ந்தபடிதான் போவான்.

வேறு வழியில்லாமல் ஜானட்டிடம் சத்தியம் வாங்கினேன். கேள்வியில் எந்த நிறை கொடுத்திருக்கிறதோ அதையே எடுப்பேன், எதையும் கழிக்க மாட்டேன் என்று அந்தோணியார் படத்துக்கு முன்னால் கையை நீட்டிச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடம் தப்பே வரவில்லை. அவள் வெறியோடு படித்தாள். பஸ்ஸில் டோல்கேட் நெரிசலில் நிற்கும்போதும் தன்வெப்ப ஏற்புத்திறன் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அது எந்த ஸ்டாப் என்று கேட்டானாம். விரல் மரத்துப் பென்சில் நழுவும் நாட்களில் அதை ரப்பர் பேண்டால் விரலோடு கட்டிக்கொண்டு போட்டாள்.

ஜெரால்ட் சத்தியம் செய்ய மறுத்துவிட்டான். "பேலட்டு இல்லன்னு பொய் சத்தியம் பண்ணச் சொல்றியா?" என்றான். ஆனால் அவனுக்கும் மூளை உண்டு. பெட்டி என்ற சொல் வராத கணக்குகளை ஜானட்டைவிட வேகமாகப் போட்டான். உராய்வைப் புறக்கணிக்கவும் என்று வந்தால் மட்டும் தலையாட்டி ரசித்தான். "இது கரீட்டு. நம்ப சேம்பர் தரை அப்டித்தான் கீது. ஐஸ் கட்டிகினு வழுக்கும்."

தேர்வு கேன்டீனில் நடந்தது. மேற்பார்வைக்கு என்னை உட்காரவைத்தார் பகலவன். ஐந்து கேள்விகள். கேள்வித்தாளைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டமாகப் படித்தேன். நாலாவது கேள்வியை மட்டும் இரண்டாம் தரம் படித்தேன்.

மீனும் பெட்டியும் சேர்ந்து இருபத்திரண்டு கிலோகிராம். காலிப் பெட்டி மட்டும் இரண்டு கிலோகிராம். மீனைப் பத்து டிகிரி குளிர்விக்க அதிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்? பெட்டியைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

கழிக்க வேண்டிய கணக்கு! சும்மா விட்டிருந்தால் தூக்கத்தில்கூட ஜானட் கழித்திருப்பாள். நான்தான் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன்.

அவள் நாலாவது கேள்விக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மெனு போர்டைப் பார்த்தேன். இருமினேன். இரண்டு தரம் இருமினேன். பகலவன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஜானட் கண்ணை மூடி உதட்டுக்குள் என்னமோ சொல்லிக்கொண்டாள்; பிறகு எழுதினாள். மேஜைகளைச் சுற்றி வருகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு. அந்தோணியாருக்கு உண்மையாக இருந்துவிட்டாள்.

ஜெரால்ட் பக்கம் போனேன். இருபத்திரண்டு கூட்டல் இருபது, நாற்பத்திரண்டு. பேலட்டுக்கு உண்மையாக இருந்துவிட்டான்.

இருவருக்கும் ஐந்தில் நாலு. சமமாக வந்தால் சர்வீஸ் யாருக்கு அதிகமோ அவருக்கு என்பது கம்பெனி விதி. சர்வீஸில் ஜெரால்ட் ஜானட்டுக்கு ஒரு மாதம் மூத்தவன். அந்தக் கதையும் ஊருக்கே தெரியும். இந்தக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டவள் ஜானட். சும்மா கிடந்த புருஷனை முன்னால் அனுப்பிவிட்டு, தன் சர்டிபிகேட்டைத் தேடிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தாள்.

ஜெரால்ட் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தந்தான். ஜானட் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கழிக்காத கழிக்காதன்னு உயிரை வாங்குன. கடைசில அந்த மேனேஜரே கழிக்கச் சொல்லி வெச்சுட்டாரு. இப்ப நான் உள்ள, எம் புருஷன் வெளிய. நீ மேல மாடில. எல்லாம் சோக்காகீது."

பிரியாணிப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தேன்.

அவளை வெளியே கொண்டுவருவது பற்றி ஜெரால்ட் உண்மையிலேயே ரூல்ஸ் பார்த்தான். சேம்பரில் செக்கர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த வேறு ஆள் இல்லை. "கொஞ்ச நாளு பொறுத்துக்கோமே" என்றான். அவள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்சார்ஜுக்குப் பகலவன் ஒரு புது வேலை வைத்திருந்தார். தினமும் எவ்வளவு மீன் வருகிறது, எத்தனை டிகிரி குளிர்விக்க வேண்டும், அதற்கு எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு, அதற்கேற்ப எத்தனை கம்ப்ரசர் ஓட வேண்டும் என்று ஆபரேட்டருக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஜெரால்ட் வந்த பெட்டிகளை எடை போட்டு, எல்லாப் பேலட்டையும் கூட்டிக்கொண்டான். மரத்தையெல்லாம் மீனாக்கிவிட்டான். எல்லாக் கம்ப்ரசரும் இரவும் பகலும் ஓடின. மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பகலவன் ஹெட் ஆபீஸிலிருந்து போன் செய்தார். மறுநாள் பயத்தில் பாதியைக் குறைத்துப் போட்டான். மைனஸ் பதினெட்டு மைனஸ் பதினொன்றாகிவிட்டது. பகலவன் நேரிலேயே வந்தார். இன்னொரு தரம் இப்படி ஆனால் எண்ணூர் யார்டில் தாமஸுக்குத் துணை தேவைப்படுகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஜெரால்ட் தாளை வீட்டுக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ஜானட் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்த கொஞ்சம் பாரேன்மே."

"இன்சார்ஜ் சார் கணக்கு. இன்சார்ஜ் சார் போடட்டும்."

"பேலட்டு தானா வந்து உள்ள குந்திக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் போட்டுத் தரேன். ஆனா வூட்ல போட மாட்டேன். கிடங்குல, அந்த நாற்காலில குந்திகினு போடுவேன்."

"அப்ப சேம்பர்ல யாரு எண்றது?"

ஜானட் கத்தியை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெட்டி எண்றதுக்குப் பரீட்சை இல்லையே."

ஜெரால்ட் என்னைப் பார்த்தான். நானும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். எண்ணூர் வெயிலை நினைத்திருப்பான் போலிருக்கிறது. நாலைந்து நாள்தானே, கணக்குப் பிடிபடும்வரைதானே என்று சொல்லிச் சம்மதித்தான்.

முதல் நாள் பேனாவோடு உள்ளே போனான். பேனா எழுதாது என்று ஜானட் அவனுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து பென்சில் வாங்கிக்கொண்டு போனான். பிறகு கிளவுஸைக் கழற்றத் தெரிந்துகொண்டான். மத்தியானம் வெளியே வந்தபோது அவன் மீசை நரைத்திருந்தது. சற்று நேரத்தில் சொட்டுச் சொட்டாகக் கறுத்தது. ஜாக்கெட்டின் ஜிப்பை அவனால் இறக்க முடியவில்லை. கமால்தான் இறக்கிவிட்டான்.

"இன்னா மாமு, இன்சார்ஜ் ஆனதுலேர்ந்து ஆளே வெள்ளையாய்ட்ட?"

ஜெரால்ட் வாயைத் திறந்தான். பல்லு தந்தி அடித்ததே தவிரப் பேச்சு வரவில்லை. ஜானட் நாற்காலியிலிருந்து எழுந்து, தன் டீயை அவன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, கிளாஸோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். குடித்து முடித்துவிட்டுத் தானாகவே உள்ளே போனான்.

கணக்கோ அச்சுப் பிசகாமல் போயிற்று. ஜானட்டிடமிருந்து சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியைக் கழித்தாள், பேலட்டைத் தள்ளினாள், மீனை மட்டும் குளிர்வித்தாள். சேம்பர் மைனஸ் பதினெட்டில் நின்றது. மீட்டரும் அடங்கி ஓடியது.

அந்த வாரக் கடைசியில் பகலவன் சொல்லாமல் வந்து நின்றார். இன்சார்ஜ் நாற்காலியில் ஜானட்.

"ஜெரால்ட் எங்கே?"

ஜானட் எழுந்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. உண்மை முழுவதையும் சொல்லவும் தோன்றவில்லை. "உள்ள கீறாரு சார். பெட்டி எண்ணிகினு."

பகலவன் சேம்பர் கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஜெரால்ட், தலையைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் பென்சில் பிடித்து, உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தான். பகலவன் திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

"தாமஸ் ஒரு நாளாவது உள்ளே போனதுண்டா?" என்று என்னைக் கேட்டார்.

"கதவு வரைக்கும் போவார் சார்."

"இதுதான் இன்சார்ஜ்! தானே உள்ளே போய் நிற்கிறார் பாருங்க. இந்த வாரம் மீட்டர் ஏன் இறங்குச்சுன்னு இப்பத்தானே புரியுது." ஜானட் பக்கம் திரும்பினார். "தாளை நீங்க போடறீங்களா? கையெழுத்து நல்லா இருக்கு. கணக்கும் சுத்தமா இருக்கு. சுடலைராஜ், ஆர்டர் ஒண்ணு எழுதுங்க. இனிமே இன்சார்ஜ் தினமும் சேம்பருக்குள்ளதான் இருக்கணும். தாள் போடறதுக்குன்னு வெளியே ஒரு போஸ்ட். அது ஜானட்டுக்கு. நிரந்தரம்."

ஜெரால்ட் வெளியே வந்தான். பகலவன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குளிர்ந்து கிடந்ததில் அவருக்கு இன்னும் மரியாதை கூடிவிட்டது.

"சார், அது வந்து..." என்றான் ஜெரால்ட்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குப் புரியுது."

"இல்ல சார், நான் இன்னா சொல்ல வர்றேன்னா..."

"இந்த அடக்கம்தான் முக்கியம்" என்று சொல்லி, அவன் தோளில் தட்டிவிட்டுப் பகலவன் காரில் ஏறினார்.

கார் கேட்டைத் தாண்டியதும் கமால் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "மாமு, ப்ரமோஷன் மேல ப்ரமோஷன்! இன்னும் ரெண்டு ப்ரமோஷன் வந்தா உன்னைப் பெட்டில போட்டு எக்ஸ்போர்ட் பண்ணிடுவாங்க!"

ஜெரால்ட் என் மேஜைக்கு வந்தான். "அண்ணாச்சி, ஒரு லெட்டர் எழுது. இந்த ஆர்டரு வாணாம்னு."

நான் காகிதத்தை எடுத்தேன். பெறுநர் எழுதினேன், பொருள் எழுதினேன். "என்ன காரணம் சொல்லலாம்?"

அவன் யோசித்தான். உள்ளே நின்றவன் பெண்டாட்டிக்குப் பதிலாக நின்றான் என்று எழுதினால் நாற்காலி போய்விடும். தாள் போடத் தெரியவில்லை என்று எழுதினால் எண்ணூர். குளிருகிறது என்று எழுதலாம். அப்படி எழுதினால் அந்தக் குளிரில் இத்தனை வருஷம் யார் நின்றது என்று கேள்வி வரும். அவன் திரும்பி ஜானட்டைப் பார்த்தான். அவள் ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் இரண்டு கைகளையும் விரித்து மேஜைமேல் வைத்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருள் வரைக்கும் எழுதிட்டியா?" என்றான் ஜெரால்ட்.

"எழுதிட்டேன்."

"அத்தோட வெச்சிரு. அப்பாலிக்கா சொல்றேன்."

வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது. அவன் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் மேஜையிலிருந்து கூர்மையான பென்சிலாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.